அஞ்சறைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு ஒரு பானை ஃபோ

வியட்நாமின் அரிசி நூடுல்ஸ் சூப்பான ஃபோவை வீட்டில் வைக்கப் புறப்படும் தமிழர் யாராக இருந்தாலும் முதலில் கை வைப்பது அஞ்சறைப் பெட்டியில்தான். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, தனியா, பெரிய ஏலக்காய் என்று பட்டியலைப் பார்த்ததுமே ‘அட, நம்ம பிரியாணி சாமான்’ என்று தோன்றிவிடும். அப்புறம் கை நிற்காது. வறுக்கும், பொடிக்கும், வாசனை பத்தவில்லை என்று இன்னும் ரெண்டு கிள்ளிப் போடும். கடைசியில் பானையில் இருப்பது பிரியாணி மணக்கும் எலும்புத் தண்ணீர். குடிக்கலாம், நன்றாகவும் இருக்கும். ஹனோய் நடைபாதையில் பிளாஸ்டிக் முக்காலியில் குந்திக் குடித்தது இது இல்லை என்பது மட்டும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

எனக்கு வேண்டியது அந்த ஹனோய்க் கிண்ணம். அதை சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில், சாதாரண கேஸ் அடுப்பில், தேக்கா மார்க்கெட் எலும்பை வைத்துக் கொண்டுவர முடியுமா என்று பார்த்ததன் பதிவு இது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் போய்விட வேண்டாம், கோழிக்கும் கடைசியில் இடம் இருக்கிறது.

முதலில் எந்த ஊர் ஃபோ என்று முடிவு செய்தாக வேண்டும். வடக்கே ஹனோயில் அகலமான அரிசி நூடுல்ஸ், தெளிந்த சாறு, இறைச்சி, மேலே தாராளமாக வெங்காயத்தாள். மேசையில் பூண்டு ஊறிய வினிகர், நறுக்கிய மிளகாய். கேட்டால் எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சி வரும். அவ்வளவுதான். தெற்கே சைகோனில் சாறு கொஞ்சம் இனிப்பாக இருக்கும். கூடவே ஒரு தட்டு நிறையப் பயறு முளை, திருநீற்றுப்பச்சிலை, ஓரத்தில் சின்னச் சின்னப் பல் வைத்த நீள மல்லியிலை, எலுமிச்சை எல்லாம் வரும். பக்கத்தில் கறுப்பு இனிப்புச் சாஸும் சிவப்பு மிளகாய்ச் சாஸும். 1954இல் நாடு இரண்டானபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் தெற்கே குடிபெயர்ந்தார்கள். அவர்களோடு போன ஃபோ, தெற்கத்தியர் நாக்குக்குத் தக்கபடி மாறியது. 1975க்குப் பிறகு நாட்டை விட்டுக் கடல் தாண்டியவர்களில் தெற்கத்தியர்தான் அதிகம். அதனால்தான் கலிஃபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டரில் உட்கார்ந்தாலும், பாரிஸின் 13ஆவது வட்டாரத்தில் உட்கார்ந்தாலும், சிட்னிக்குப் பக்கத்துக் கப்ரமட்டாவில் உட்கார்ந்தாலும் பச்சிலைத் தட்டு முதலில் வந்து இறங்குகிறது. இங்கே ஜூ சியாட் சாலைக் கடைகளிலும் அதே கதைதான். பிராக் நகரம் விதிவிலக்கு. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு வேலைக்கும் படிப்புக்கும் போனவர்களில் வடக்கத்தியர் நிறைய. அங்குள்ள சாபா சந்தைக் கடைகளில் வடக்கத்தியக் கைப்பக்குவம் தெரியும்.

சைகோன் ஃபோ எனக்குப் பிடிக்காது என்றில்லை. வெயில் கொளுத்தும் ஊரில் அந்தப் பச்சிலைத் தட்டுக்கு ஈடு கிடையாது. ஆனால் சாறு சுமாராக இருந்தாலும் எலுமிச்சையும் சாஸும் அதைக் காப்பாற்றிவிடும். ஹனோய்க் கிண்ணத்தில் அந்தச் சலுகை இல்லை. சாறு வைத்துப் பழக வேண்டுமென்றால் அதுதான் சரியான பள்ளிக்கூடம்.

ஹனோய் பழைய நகரில் பாத் தான் தெரு, 49ஆம் எண் ஃபோ கடை. வரிசையில் நின்று, காசை முதலில் கொடுத்துவிட்டு, கிண்ணத்தை நாமே தூக்கிக்கொண்டு போய் இடம் தேட வேண்டும். 2023இல் உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷெலின் கையேடு வியட்நாமுக்கு வந்தபோது இந்தக் கடையும், கட்டுப்படியாகும் விலையில் நல்ல சாப்பாடு தரும் கடைகளுக்கான ‘பிப் குர்மாண்ட்’ பட்டியலில் ஏறியது. அதற்காக யாரும் மேசைக்குக் கொண்டுவந்து வைத்துவிடப் போவதில்லை. வரிசையில் நிற்பதில் ஒரு லாபம் உண்டு. கிண்ணம் போடுபவரின் கையை ஒரு முழத் தூரத்தில் நின்று பார்க்கலாம். நூடுல்ஸை வலைக் கரண்டியில் அள்ளிக் கொதிநீரில் முக்குகிறார், நாலு உதறு உதறுகிறார், கிண்ணத்தில் கவிழ்க்கிறார். முன்னால் கட்டி கட்டியாகத் தொங்கும் வெந்த மார்க்கறியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, பெரிய கத்தியால் இழை இழையாகச் சீவுகிறார். வெங்காயத்தாள் ஒரு பிடி. பிறகு ஆவி பறக்கும் சாற்றை, மேலே மிதக்கும் கொழுப்போடு சேர்த்து ஓர் அகப்பை. பக்கத்தில் பெரிய மீன் சாஸ் சீசா இருந்தது, கறுத்த வெங்காயத் துண்டுகள் இருந்தன. மசாலா டப்பா என்று ஒன்று கண்ணிலேயே படவில்லை.

அங்கே நின்றபோதுதான் கணக்கு பிடிபட்டது. கடை ருசி என்பது எலும்பு, உப்பு, கொழுப்பு, சூடு. மசாலா அதற்குப் பின்னால் எங்கோ நிற்கிறது. வீட்டில் நாம் நேர் எதிராகச் செய்கிறோம். மசாலாவுக்கு அரை நாள் யோசனை, உப்புக்கு அரை நிமிடம்.

இனி வேலை.

தேக்காவில் எலும்பு வாங்கும்போது மாட்டிறைச்சிக் கடைக்காரர், “சூப்புக்கா அண்ணே, பாயா மாதிரி வைக்கவா?” என்றார்.

“சூப்புதான் பாய். தெளிவா வரணும்.”

“அப்ப நல்லியைக் குறைச்சுக்குங்க. மூட்டு எலும்பா தர்றேன். நல்லி ஜாஸ்தியானா எண்ணெயா மிதக்கும்.”

அவர் சொன்னது அப்படியே சரி. மூட்டில் இருக்கும் சவ்வும் குருத்தும்தான் கரைந்து சாற்றுக்குக் கனம் கொடுக்கிறது, ஆறினால் உதட்டில் லேசாக ஒட்டுகிற அந்தக் கனம். நல்லி கொடுப்பது கொழுப்பு. கொஞ்சம் வேண்டும், அவ்வளவுதான். மூன்று கிலோ எலும்பு என்றால் இரண்டே கால் கிலோ மூட்டு, மீதி நல்லி. கூடவே எழுநூறு கிராம் மார்க்கறி ஒரே துண்டாக. மேலே பச்சையாக வைத்துச் சாறு ஊற்ற, கொழுப்பில்லாத இடத்துக் கறி கால் கிலோ.

எலும்பைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டு, தண்ணீரை மாற்றி, பெருந்தீயில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். சாம்பல் நிறத்தில் ஒரு நுரை பொங்கி வரும், வீடு முழுக்க நாறும், ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் கவலைப்படாமல் கொட்டலாம். ‘சத்தெல்லாம் போகுதே’ என்று அம்மா இருந்தால் சொல்வார். போவது ரத்தமும் அழுக்கும்தான். பிறகு ஒவ்வொரு எலும்பையும் குழாயடியில் பிடித்து, மூட்டுக் குழிகளில் ஒட்டியிருக்கும் கறுத்த ரத்தக் கட்டியை விரலால் வழித்து எடுக்க வேண்டும். பானையின் உள்சுவரில் ஒட்டிய வளையத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டும். இந்த இருபது நிமிட வேலையைத் தாண்டிப் போகலாம் என்று நினைப்பவர்கள் பிறகு ஆறு மணி நேரம் நுரை எடுக்கலாம்.

கழுவிய எலும்புக்கு ஆறு லிட்டர் தண்ணீர். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வரும் நிலையில் நிறுத்த வேண்டும். சாறு கலங்குவதற்குக் காரணம் ஓயாத கொதிதான். கொழுப்பைச் சின்னச் சின்னத் துளியாக உடைத்து, தண்ணீரோடு கலந்து, பால் நிறமாக்கிவிடும். ஒருமுறை கலங்கியதை வடிகட்டி எடுக்க முடியாது. என் அடுப்பில் சின்னக் கண்ணை எவ்வளவு குறைத்தாலும் கொதி அடங்கவில்லை. பழைய இரும்பு தோசைக்கல்லை அடியில் வைத்து அதன்மேல் பானையை ஏற்றினேன். அதோடு அடங்கியது. மூடியைப் பாதி திறந்தே வையுங்கள். முழுக்க மூடினால் உள்ளே சூடு ஏறி மறுபடி கொதிக்கும்.

மார்க்கறித் துண்டையும் அதே பானையில் போட்டு, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் குத்திப் பார்த்து, வெந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுத்த உடனே குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் மூழ்க வைத்தால் மேல்புறம் காய்ந்து கறுக்காது. ஆறிய பிறகு ஈரத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மறுநாள் பட்டாகச் சீவ வரும்.

குக்கரில் வைக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வைக்கலாம். ஆறு மணி நேர வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடியும், சாறும் தெளிவாகவே வரும், ஒரே ஒரு நிபந்தனை: அடுப்பை அணைத்த பிறகு அழுத்தம் தானாக இறங்கும்வரை குக்கரைத் தொடக் கூடாது. அவசரப்பட்டு விசிலைத் தூக்கினால், அழுத்தம் குறைந்த அந்த நொடியில் உள்ளே இருப்பது அத்தனையும் குமுறிக் கொதித்துக் கலங்கிவிடும். ருசியில் எனக்குப் பானைதான் ஒரு படி மேல். குக்கர் சாற்றில் கனம் இருக்கிறது, மணம் கொஞ்சம் மட்டமாக இருக்கிறது. வார நாளுக்குக் குக்கர், விடுமுறைக்குப் பானை.

அடுத்தது சுடுவது. இரண்டு பெரிய வெங்காயம் தோலோடு, நூறு கிராம் இஞ்சி முழுசாக. சப்பாத்தி வாட்டும் கம்பித்தட்டை அடுப்பில் வைத்து, நேர்த்தீயில் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். தோல் கரியாக வேண்டும், உள்ளே அழுத்தினால் மெத்தென்று இருக்க வேண்டும். வெங்காயத்தின் அடியில் பாகு கசிந்து சொட்டி ‘சுர்’ என்னும்போது எடுத்துவிடலாம். கரியை வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவி, உள்ளிருக்கும் பொன்னிறச் சதையை மட்டும் பானையில் போட வேண்டும். கரியோடு போட்டால் சாறு கசக்கும், நிறமும் மங்கும். பிரெஞ்சுக்காரர்கள் மாட்டிறைச்சியையும் காய்களையும் வேகவைக்கும் அவர்களது பழைய குழம்புப் பானைக்கும் வெங்காயத்தைச் சுட்டுத்தான் போடுவார்கள். ஃபோ பிறந்தது பிரெஞ்சு ஆட்சியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹனோயிலும் அதற்குத் தெற்கே நாம் தின் பக்கமும். சுட்ட வெங்காயம் அந்தப் பானையிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி. இல்லை, தெருவில் காவடி கட்டி நூடுல்ஸ் விற்ற சீனர்களிடமிருந்து வளர்ந்ததே ஃபோ என்று இன்னொரு கட்சி. கட்சிக்காரர்கள் சண்டை போடட்டும்; வெங்காயம் சுடப்பட வேண்டும்.

இப்போதுதான் அஞ்சறைப் பெட்டி. ஐந்து லிட்டர் சாற்றுக்கு அன்னாசிப்பூ ஐந்து, விரல் நீளப் பட்டை ஒன்று, கிராம்பு மூன்று, தனியா ஒரு மேசைக்கரண்டி, பெரிய ஏலக்காய் பாதி. வெறும் வாணலியில் வாசனை எழும்வரை வறுத்து, பொடிக்காமல், வெள்ளைத் துணியில் முடிந்துகொள்ள வேண்டும். பட்டையில் கவனம் வேண்டும். இலங்கைச் சுருள்பட்டை இதற்கு ரொம்ப மென்மை. தடித்த, முரட்டு மரப்பட்டையாகப் பாருங்கள், வியட்நாம் பட்டை அந்த வகைதான். பெரிய ஏலக்காயும் வேறு. வடக்கு வியட்நாம் மலைகளில் விளைவது அதன் ஒன்றுவிட்ட சகோதரன்; நம் கடைகளில் கிடைக்கிற இந்தியப் பெரிய ஏலக்காயில் புகை வாசனை தூக்கல். அதனால்தான் பாதி.

முடிச்சைப் போடுவது கடைசி முக்கால் மணி நேரத்தில் மட்டும். அரை மணியானதும் ஒரு கரண்டி எடுத்து முகர்ந்து பாருங்கள். குடிக்குமுன் மணம் வர வேண்டும், குடித்த பிறகு நாக்கில் மசாலா நிற்கக் கூடாது. அந்த இடத்தில் முடிச்சைத் தூக்கிவிட வேண்டும். அன்னாசிப்பூவை மணிக்கணக்கில் கிடக்கவிட்டால் இருமல் மருந்து வாசனைதான் மிஞ்சும். தமிழ்க் கைக்கு மிகக் கடினமான வேலை இந்த எடுப்பதுதான். இன்னும் கொஞ்சம் இறங்கட்டுமே என்று மனசு இழுக்கும்.

உப்புக்கு மீன் சாஸ். நெத்திலியும் உப்பும் மாதக்கணக்கில் ஊறி இறங்கும் தெளிவு. பூ குவோக் தீவில் செய்வதற்குத் தனி மதிப்பு. 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்கே பாதுகாப்பு கொடுத்தது. சீசாவில் 30, 40 என்று எண் போட்டிருக்கும். ஒரு லிட்டரில் எத்தனை கிராம் நைட்ரஜன் என்ற கணக்கு அது. எண் ஏறினால் புரதம் அதிகம், ருசி ஆழம். அடுப்பை அணைக்கப் போகும் நேரத்தில் ஊற்ற வேண்டும், கொதிக்கவிட்டால் நல்ல மணம் பறந்து கவிச்சி மட்டும் தங்கும். ஐந்து லிட்டருக்கு எழுபது மில்லி, கூடவே கற்கண்டு முப்பது கிராம், மிச்சத்துக்குக் கல்லுப்பு. சைகோன் பாணி வேண்டுமென்றால் கற்கண்டை ஏற்றிக்கொள்ளலாம்.

எவ்வளவு உப்பு என்பதில்தான் கடைக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இருக்கிறது. பானையில் ருசி பார்க்கும்போது சாறு ‘சரி’ என்று இருந்தால், கிண்ணத்தில் சப்பென்று இருக்கும். நூடுல்ஸில் உப்பு இல்லை, கறியில் இல்லை, வெங்காயத்தாளில் இல்லை. அத்தனையும் சேர்ந்து இழுத்துக்கொள்ளும். பானையில் ஒரு வாய் குடித்ததும் ‘அய்யோ, கொஞ்சம் கூடிப்போச்சே’ என்று தோன்ற வேண்டும். அந்த இடம்தான் சரி.

அஜினமோட்டோ போடலாமா? ஹனோயில் இதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும், போரும் பங்கீடும் நடந்த காலத்தில், அரசுக் கடைகளில் இறைச்சியே இல்லாமல் நூடுல்ஸும் தண்ணீரும் அஜினமோட்டோவுமாக ஒரு ஃபோ விற்றார்கள். அமெரிக்கா அனுப்பிய ஆளில்லா வேவு விமானங்களை நினைத்து, ஜனங்கள் அதற்கு ‘விமானி இல்லாத ஃபோ’ என்று பெயர் வைத்தார்கள். பசியிலும் குசும்பு குறையாத ஊர். எலும்பு போதுமான அளவு இருந்தால் ஐந்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் தேவைப்படாது. அதையும் போடாமல் விடுவது உங்கள் விருப்பம், கௌரவப் பிரச்சினையாக்க வேண்டாம்.

நூடுல்ஸ் ஜூ சியாட்டில் வியட்நாமிய மளிகைக் கடையில் வாங்கியது, அரை சென்டிமீட்டர் அகல உலர் பாக்கெட். கல்லாவில் இருந்த அக்கா பாக்கெட்டைத் தட்டிக் காட்டி, கொதிநீரில் ஊறப் போடாதே, பச்சைத் தண்ணீரில் போடு என்று சைகையாலேயே இரண்டு முறை சொன்னார். அரை மணி நேரம் ஊறினால் வளையும், ஆனால் வேகாது. பரிமாறும்போது ஒரு கிண்ணத்துக்கு வேண்டியதை மட்டும் வலைக் கரண்டியில் எடுத்துக் கொதிநீரில் பதினைந்து இருபது விநாடி. உதறுவது அலங்காரத்துக்கில்லை, ஒட்டியிருக்கும் தண்ணீர் சாற்றை நீர்க்கச் செய்யும். மொத்தமாக வேகவைத்து வடித்து வைத்தால் கட்டியாகிவிடும். ஈரச் சந்தையில் கிடைக்கும் குவெய் தியா என்ற புது அரிசி நூடுல்ஸும் ஆகும். ஆனால் ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள், வெந்நீரில் அலசிவிடுங்கள்.

பச்சைக் கறியை அரை மணி நேரம் ஃபிரீசரில் வைத்து, விறைத்ததும் இழைக்குக் குறுக்கே காகித கனத்துக்குச் சீவ வேண்டும். கிண்ணங்களை வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வையுங்கள். குளிர்ந்த பீங்கான் கிண்ணம் சாற்றின் சூட்டை நொடியில் உறிஞ்சிவிடும், கறி சிவப்பாகவே கிடக்கும். நூடுல்ஸ், சீவிய மார்க்கறி, பச்சைக் கறி, வெங்காயத்தாள், மல்லி, கண்ணாடியாக அரிந்த வெங்காயம். கடைசியாக, பானையிலிருந்து பிரித்து எடுத்துத் தளதளவெனக் கொதிக்கவைத்த சாறு நானூற்றைம்பது மில்லி, நேராகப் பச்சைக் கறியின் மேல். இந்தக் கட்டத்தில் பெருங்கொதி இருக்கலாம். வடிகட்டிக் கொழுப்பு நீக்கிய சாறு இனிமேல் கலங்காது. நீக்கிய கொழுப்பைக் கொட்டிவிட வேண்டாம். ஒரு தேக்கரண்டி மேலே விட்டால்தான் கடை ருசி. வியட்நாம் கடைகளில் தனியாகக் கேட்டு வாங்குபவர்களும் உண்டு, வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டை அதில் வாட்டிப் போட்டுக் கொடுப்பார்கள்.

முதல் மூன்று வாய் வெறும் சாறு. பிறகு பூண்டு வினிகர், மிளகாய். கறுப்புச் சாஸைக் கிண்ணத்துக்குள் பிழியாதீர்கள். வேண்டுமானால் சின்னத் தட்டில் விட்டுக் கறியைத் தொட்டுக்கொள்ளலாம். வீட்டில் இதைச் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் கேட்கவில்லை.

பாத் தான் தெருச் சாற்றுக்கு இது சமமா என்றால், தெளிவிலும் உப்பிலும் பக்கத்தில் வந்துவிட்டது, கனத்தில் இன்னும் கொஞ்ச தூரம். ஒரு கடைப் பானையில் வேகும் எலும்பின் அளவை வீட்டுப் பானையில் எட்ட முடியாது. தண்ணீரை ஐந்து லிட்டராகக் குறைத்தால் இடைவெளி பாதியாகிறது. மீந்த சாற்றை மீன் சாஸ் கலக்குமுன் டப்பாக்களில் ஊற்றி ஃபிரீசரில் வைத்தால் இரண்டு மாதம் தாங்கும், உப்பைச் சூடாக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

கோழி ஃபோ வைப்பவர்களுக்கு. 1939 வாக்கில் ஹனோயில் திங்களும் வெள்ளியும் மாட்டிறைச்சி கிடைக்காது. அந்த நாட்களைச் சமாளிக்க வந்தது இது என்பார்கள். மாட்டு ஃபோ ரசிகர்கள் அப்போது மூக்கைச் சுளித்தார்களாம். முழு நாட்டுக்கோழியை நான்கு லிட்டர் தண்ணீரில், அதே அடங்கிய தீயில், குத்தினால் ரத்தம் வராத அளவுக்கு வேகவைத்து எடுத்து ஐஸ் தண்ணீரில் போடுங்கள். தோல் இறுகி மஞ்சளாக மின்னும். சதையை உரித்துவிட்டு எலும்பை மறுபடி பானையில் இரண்டு மணி நேரம் விட வேண்டும். வெங்காயமும் இஞ்சியும் சுடுவது அப்படியே. மசாலா இன்னும் குறைவு: தனியா ஒரு தேக்கரண்டி, அன்னாசிப்பூ ஒன்று, பெரிய ஏலக்காய் வேண்டவே வேண்டாம். மேலே தூவ எலுமிச்சை இலை, நடு நரம்பைக் கிழித்து எடுத்துவிட்டு மயிரிழையாக அரிந்தது. நாரத்தை இலை கிடைத்தாலும் சரிதான், பாதி போதும்.